எபிசோட் 31: தெஸ் போட்டா தூரம், தா போட்டா வம்பு

(ஒலி வடிவத்தில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆன ஒருத்தர். "தா-ன்னா கேஷுவல், தெஸ்-ன்னா மரியாதை. புக்ல ஒரே ஒரு டேபிள்தான் போட்டிருக்கான். இதுல பேச என்ன இருக்கு?"ன்னு கேட்டிருந்தாங்க.

நானும் அந்த டேபிளை மனப்பாடம் பண்ணிட்டுதான் டோக்கியோவுல போய் இறங்கினேன். அதை நம்பி முதல் மாசமே ஆபீஸ்ல அசிங்கப்பட்டேன். அது பரவாயில்ல, சிரிச்சுட்டுப் போயிடலாம். ரெண்டாவது வருஷம் ஒரு நட்பு கையை விட்டுப் போச்சு. அதுக்கும் இதே ரெண்டு சொல்லுதான் காரணம். இன்னிக்கு அந்த ரெண்டு கதையும் சொல்றேன்.

முதல்ல அடிப்படையை முடிச்சிடுவோம். "நான் மாணவன்"னு தமிழ்ல ரெண்டே சொல்லுல சொல்லிடறோம். இங்கிலீஷ்ல நடுவுல ஒரு "ஆம்" வேணும். ஜப்பானியத்துல அந்த "ஆம்" வாக்கியத்தோட கடைசில வரும். "கக்குசெய்"னா மாணவர். வெளி ஆளுகிட்ட "கக்குசெய் தெஸ்". நண்பன்கிட்ட "கக்குசெய் தா", இல்லன்னா வெறும் "கக்குசெய்". எழுத்துல "தெசு"ன்னுதான் இருக்கும், ஆனா பேச்சுல கடைசி உகரம் காத்துல போயிடும், "தெஸ்"னுதான் கேட்கும். அப்புறம் நான் "தா"ன்னு சொல்றது "தம்பி"ல வர்ற த இல்ல, "பந்து"ல வர்ற மாதிரி மெலிசான த.

ஒரு விஷயம் இப்பவே சொல்லிடறேன், இல்லன்னா கமெண்ட்ல வரும். இந்த தா-வுக்கும் நம்ம "வாடா, போடா"வுக்கும் எந்தச் சொந்தமும் இல்ல. சுசுமு ஓனோன்னு ஒரு ஜப்பானிய அறிஞர் தமிழும் ஜப்பானியமும் உறவுன்னு எழுதினார்தான். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏத்துக்கல. அதுவும் இந்த தா எங்கிருந்து வந்ததுன்னு தெளிவாவே தெரியும். "தெ அரு"ன்னு ஒரு பழைய வடிவம். அது தேஞ்சு தேஞ்சு கிழக்குப் பக்கம், அதாவது டோக்கியோ பக்கம், "தா" ஆச்சு. மேற்குப் பக்கம் "ஜா" ஆச்சு, அப்புறம் ஒசாகா பக்கம் "யா" ஆச்சு. ஒசாகா காமெடியன்கள் ஒருத்தரை ஒருத்தர் மண்டையில தட்டிக்கிட்டு "நாந்தெயானென்"னு கத்துவாங்க இல்ல, அதுக்குள்ள இருக்கிற "யா" இதேதான்.

சரி, அசிங்கப்பட்ட கதை.

எங்க செக்‌ஷன் ஹெட், காச்சோன்னு சொல்வாங்க, தூரத்துல இருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "என்ன சார்?"னு கேட்கணும். என் வாய்ல வந்தது "நந்தா?"

சூர்யா படம் இல்லீங்க. "நான்"னா என்ன, "தா" சேர்த்தா "நந்தா". அனிமேல ஹீரோ திரும்பிப் பார்த்து இதைத்தான் கேட்பான். டேபிள்படி பார்த்தா "என்ன?"ங்கறதோட கேஷுவல் வடிவம். கொஞ்சம் கேஷுவலா கேட்டுட்டோம், அவ்வளவுதானேன்னு நினைச்சேன். ஆனா பக்கத்துல டைப் அடிச்சிட்டு இருந்த ரெண்டு பேர் கை அப்படியே நின்னுது. காச்சோ ஒரு செகண்ட் பார்த்தார், ஒண்ணும் சொல்லாம வேலையைச் சொன்னார். சாயங்காலம் ஒரு சீனியர் அக்கா என்னை வெண்டிங் மெஷின்கிட்ட கூட்டிட்டுப் போய், ஒரு கேன் காபி வாங்கிக் கொடுத்துட்டு, மெதுவா விளக்கினாங்க. நான் கேட்டது "என்ன சார்" இல்ல, "என்ன?"வும் இல்ல. "என்னய்யா இப்ப உனக்கு?" அந்த ரேஞ்ச். நான் கேட்டிருக்க வேண்டியது "ஹாய், நான் தெஷோ கா."

டேபிள் சொல்லாதது இங்கதான் இருக்கு. நண்பர்களுக்குள்ள கேள்வி கேட்கும்போது தா பெரும்பாலும் வராது, உதிர்ந்துடும். "கக்குசெய்?"னு குரலை ஏத்தினா போதும். "தெஸ் கா"ன்னு கேட்கலாம், ஆனா "தா கா"ன்னு ஒருத்தர் மூஞ்சியைப் பார்த்துக் கேட்கிற வழக்கமே இல்ல. பதில்லயும் அப்படித்தான். "உம், கக்குசெய்"னு விட்டுடுவாங்க, இல்லன்னா "தா யோ", "தா நே"ன்னு ஒரு வால் சேர்த்து மென்மையாக்குவாங்க. வால் இல்லாத மொட்டை தா-வை நேரா ஒருத்தர் மேல போட்டா அது அறிவிப்பு மாதிரி கேட்கும். மேசையில கையைத் தட்டிச் சொன்ன மாதிரி.

அப்போ தா கெட்ட வார்த்தையா? இல்லவே இல்ல. அதே காச்சோ பக்கத்துல நின்னுட்டு இருக்கும்போது, ஜன்னல் வழியா பார்த்து "அ, அமே தா"ன்னு சொல்லலாம். அட, மழை. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. ஏன்னா அது அவர்கிட்ட சொன்னது இல்ல, நமக்கு நாமே சொன்னது. அதே மழையை அவருக்குத் தெரிவிக்கணும்னா "அமே தெஸ்".

இன்னொரு இடம் பாருங்க. "அவர் மாணவர்னு நினைக்கிறேன்"னு பெரிய ஆளுகிட்ட மரியாதையா சொல்லணும். "கக்குசெய் தா தோ ஒமோய்மஸ்." கடைசில "நினைக்கிறேன்" மரியாதை வடிவத்துல இருக்கு, ஆனா நடுவுல தா! முதல் தடவை படிக்கும்போது அச்சுப்பிழைன்னு நினைச்சேன். பிழை இல்ல. அந்த நடுப்பகுதி என் மண்டைக்குள்ள ஓடுற நினைப்பு. அங்க எனக்கு எதிர்ல யாரும் இல்ல. கடைசிச் சொல் மட்டும்தான் எதிர்ல இருக்கிறவரைப் பார்த்துத் திரும்புது.

ஆக, தெஸ்-ன்னா "என் முன்னாடி நீங்க இருக்கீங்க, அது எனக்குத் தெரியும்"னு சொல்ற சொல். பேசப்படுற பொருளுக்கு அது மரியாதை தரல. "நெக்கோ தெஸ்"னா "பூனைதான்". பூனைக்கு யாரும் மரியாதை தரல, கேட்கிறவருக்குத் தர்றாங்க. பேசப்படுற ஆளையே உயர்த்தணும்னா அதுக்கு "தெ இரஷ்ஷாய்மஸ்"னு வேற சொல்லே இருக்கு.

இதைக் கேட்டதும் எனக்கு எங்க ஊர்தான் ஞாபகம் வந்தது. நான் கோபி பக்கம். எங்க அப்பிச்சிகிட்ட "எந்த ஊருங்க?"ன்னு பஸ்ல யாராவது கேட்டா, "கோபிங்க"ன்னுதான் சொல்வார். "அங்க ஒரு பூனை நிக்குதுங்க"ன்னு சொன்னா "நிக்குது" பூனைக்கு, "ங்க" கேட்கிறவருக்கு. "கோபிங்க"ங்கறதை ஜப்பானியத்துல மாத்தினா அப்படியே "கோபி தெஸ்". ஆஹா, பிடிச்சிட்டேன்டான்னு இருந்தது. தெஸ்-ன்னா நம்ம "ங்க".

இந்தக் கண்டுபிடிப்புதான் பின்னாடி என்னைக் கவுத்துச்சு. அதுக்கு வர்றேன்.

அதுக்கு முன்னாடி ரெண்டு சுவாரசியமான விஷயம். தெஸ் வெறும் "தா-வோட மரியாதை வடிவம்" இல்லங்கறதுக்கு நல்ல சாட்சி சாப்பாட்டு மேசையில இருக்கு. "ஓஇஷீ"ன்னா ருசியா இருக்கு. மரியாதையா "ஓஇஷீ தெஸ்". அப்போ நண்பன்கிட்ட "ஓஇஷீ தா"வா? தப்பு. அப்படி ஒரு வாக்கியமே கிடையாது. வெறும் "ஓஇஷீ"தான். ஏன்னா "இருக்கு"ங்கற அர்த்தம் அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு, தா-வுக்கு அங்க வேலை இல்ல. தெஸ் மட்டும் வருது, மரியாதைக்காக மட்டுமே வருது. ஒரு காலத்துல இதையும் சரியில்லன்னு சொன்னாங்க. "ஓஇஷூ கொஸாய்மஸ்"னு சொல்றதுதான் முறை. நமக்கெல்லாம் தெரிஞ்ச "அரிகாதோ கொஸாய்மஸ்", "ஒஹாயோ கொஸாய்மஸ்" எல்லாம் அந்தப் பழைய முறையோட மிச்சம்தான். 1952ல ஜப்பானோட தேசிய மொழிக் குழு இனிமே மரியாதைப் பேச்சு எப்படி இருக்கணும்னு ஒரு பரிந்துரை வெளியிட்டது. அதுலதான் இந்த மாதிரி தெஸ்-ஐ எளிமையான வடிவம்னு ஏத்துக்கிட்டாங்க. நாம புக்ல முதல் பாடத்துல படிக்கிறது அவங்க சண்டை போட்டு முடிச்சது.

ரெண்டாவது, எழுத்து. மெய்ஜி காலத்துல, 19ஆம் நூற்றாண்டோட கடைசில, பேசற மாதிரியே எழுதணும்னு ஒரு இயக்கம் வந்தது. கேட்க ஈஸியா இருக்கு. ஆனா முதல் வாக்கியம் முடியறதுக்குள்ள பிரச்சனை. கடைசில எதைப் போடறது? தா போட்டா வாசகரை நண்பன் ஆக்குற மாதிரி இருக்கு. தெஸ் போட்டா ஒவ்வொரு வரிக்கும் அவருக்குக் கும்பிடு போடற மாதிரி இருக்கு. ஃபுதபதெய் ஷிமெய் 1887ல வெளிவர ஆரம்பிச்ச நாவல்ல தா பக்கம் போனார். யமதா பிம்யோ தெஸ் பக்கம். ஒசாகி கோயோ "தெ அரு" பக்கம். கட்டுரை, ஆய்வு எழுதறதுக்கெல்லாம் கடைசில தெ அரு நல்லா நிலைச்சிடுச்சு, ஏன்னா அதுக்கு எதிர்ல ஆளே வேண்டாம். அது யாரையும் பார்த்துப் பேசாது. நம்ம பாடப்புத்தகத்துல "சென்னை தமிழ்நாட்டின் தலைநகரம் ஆகும்"னு வருமே, அந்த "ஆகும்"தான் தெ அரு. வீட்ல யாராவது "இது சாம்பார் ஆகும்"னு சொல்லிப் பாருங்க.

இதை வச்சு ஒருத்தர் நல்லா விளையாடினார். நத்சுமே சோசெகி 1905ல வெளியிட ஆரம்பிச்ச நாவலோட பேர் "வகஹாய் வா நெக்கோ தெ அரு". இங்கிலீஷ்ல "ஐ ஆம் எ கேட்"னு சப்புன்னு இருக்கும். மூலத்துல அந்தப் பேர் இல்லாத பூனை, மந்திரி மேடையில பேசற தோரணையில தன்னை "வகஹாய்"ங்குது, கடைசில தெ அரு போடுது. "யாம் பூனை ஆகும்"ங்கற மாதிரி. ஜோக் முழுக்க அந்த முதல் சொல்லுலயும் கடைசிச் சொல்லுலயும்தான்.

அனிமே பார்க்கிறவங்களுக்கும் இது தெரியும், பேர் தெரியாது. நருட்டோ எப்பவும் சொல்ற "தத்தெபாயோ"க்குள்ள ஒரு தா ஒளிஞ்சிருக்கு. கென்ஷின் "தெ கொஸாரு"ன்னு முடிப்பான், சாமுராய் வாசனைக்காக. கோனன்ல வர்ற அகாசா புரொபசர் "ஜா" போடுவார், வயசான விஞ்ஞானின்னா ஜா. நிஜத்துல எந்த புரொபசரும் அப்படிப் பேசறது இல்ல. சதோஷி கின்சுய்ங்கற மொழியியலாளர் இதுக்கு "யகுவாரிகோ"ன்னு பேர் வச்சு, 2003ல ஒரு புத்தகமே எழுதினார். பாத்திர மொழின்னு சொல்லலாம். எதோ காலத்துல, இப்போ டோக்கியோவா இருக்கிற எதோவுல, மருத்துவர்கள், படிச்ச பெரியவங்க எல்லாம் மேற்குப் பக்கத்துப் பேச்சு பேசினாங்க, அதான் இன்னிக்கும் கார்ட்டூன் புரொபசர் வாய்ல ஜா-வா நிக்குதுன்னு காட்டினார். நம்ம சினிமாவுல பண்ணையார் பேச்சு இருக்கில்ல, அது மாதிரி. நான் அனிமே பார்த்து ஜப்பானியம் கத்துக்கிட்டேன்னு சொன்னா அவங்க ஏன் ஒரு மாதிரி சிரிக்கறாங்கன்னு அப்பதான் புரிஞ்சுது.

கடைகள்ல வேற கச்சேரி. ரயில்ல கதவு இடது பக்கம்னு சொல்ற அறிவிப்பு தெஸ்ல முடியும். பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் லிஃப்ட்ல மூணாவது மாடின்னா "தெ கொஸாய்மஸ்". பார்ட் டைம் பசங்க வேலை செய்யற கஃபேல காபியை வச்சுட்டு "கோஹீ நி நரிமஸ்"னு சொல்வாங்க. சொல்லுக்குச் சொல் பார்த்தா "இது காபியா மாறும்". இன்னும் மாறலையா, இப்போ இது என்னன்னு பெருசுங்க கிண்டல் பண்ணுவாங்க. எனக்கு அந்தப் பசங்க மேல பரிதாபம்தான். தெஸ் போட்டா குறைச்சலா இருக்குமோ, கொஸாய்மஸ் போட்டா ஓவரா இருக்குமோன்னு பயந்து கண்டுபிடிச்ச சந்து அது.

பயம்னு சொன்னேன் இல்ல. நந்தா சம்பவத்துக்கு அப்புறம் எனக்கும் அதே பயம். ஒரே முடிவு எடுத்தேன். எல்லார்கிட்டயும் தெஸ். காச்சோகிட்ட தெஸ், செக்யூரிட்டிகிட்ட தெஸ், பக்கத்து சீட்டுக்காரர்கிட்டயும் தெஸ்.

அந்தப் பக்கத்து சீட்டுக்காரர்தான் ரெண்டாவது கதை. பேர் வேண்டாம். நான் சேர்ந்த முதல் நாள்ல இருந்து மதியம் சாப்பிடக் கூட்டிட்டுப் போனவர். எனக்கு மெனு படிச்சுக் காட்டினவர். ஆறாவது மாசம் ஒரு நொமிகாய், ஆபீஸ் பார்ட்டி. பேச்சுவாக்குல ரெண்டு பேரும் ஒரே வருஷம் பிறந்தவங்கன்னு தெரிஞ்சுது. அவர் குஷியாகி கிளாஸைத் தூக்கிக்கிட்டுச் சொன்னார், "தமேகுச்சி தெ ஈ யோ." தமே-ன்னா சரிசமம், ஒரே வயசு. குச்சின்னா வாய், பேச்சு. இனிமே தெஸ் எல்லாம் வேண்டாம், சும்மா பேசுங்கறார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஹாய், வகரிமஷ்தா." சரிங்க, புரிஞ்சுதுங்க. முழு மரியாதை வடிவத்துல. அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். நானும் சிரிச்சேன். மறுநாள் காலைல "ஒஹாயோ"ன்னார். நான் "ஒஹாயோ கொஸாய்மஸ்"னேன்.

இதுல திமிர் எதுவும் இல்ல. ஒண்ணு பயம். இன்னொண்ணு அந்த "ங்க". எங்க ஊர்ல ங்க-ங்கறது தூரம் இல்ல. சின்னக் குழந்தையைக்கூட "வாங்க சாமி, சாப்பிடுங்க"ன்னு கொஞ்சுவோம். நாப்பது வருஷம் ஒண்ணா வாழ்ந்தவங்களும் ங்க போட்டுப்பாங்க. தெஸ்-ன்னா ங்கன்னு என் மண்டையில பதிஞ்சுபோனதால, நான் தெஸ் போட்டுப் பேசும்போது என் காதுல அது பிரியமாதான் கேட்டுது. அவர் "உமாய் யோ, கோகோ"ம்பார், இந்தக் கடை சூப்பர்டாங்கற மாதிரி. நான் "ஓஇஷீ தெஸ் நே"ம்பேன், ஆமாங்க ருசியா இருக்குங்கங்கற பிரியத்துல. அவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்னு நான் யோசிக்கவே இல்ல.

ஒரு வருஷம் இப்படிப் போச்சு. ஒரு நாள் அவர் என்கிட்ட, "கொன்ஷூ வா இசொகாஷீ தெஸ் கா?"ன்னார். இந்த வாரம் பிஸிங்களா? தெஸ். அவர் வாய்ல இருந்து. எனக்கு என்ன தோணுச்சுன்னு சொன்னா திட்டுவீங்க. பரவாயில்லையே, மரியாதை கூடியிருக்கேன்னு சந்தோஷப்பட்டேன். அப்புறம் மதிய சாப்பாட்டுக்குக் கூப்பிடறது வாரத்துக்கு ரெண்டு நாள் ஆச்சு, ஒரு நாள் ஆச்சு. சண்டை எதுவும் இல்ல. பார்த்தா சிரிப்பார்.

அதே சீனியர் அக்கா, அதே வெண்டிங் மெஷின். "உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதாவது ஆச்சா? அவர் உங்ககிட்ட மட்டும் மறுபடி தெஸ்-மஸ்ல பேசறாரே"ன்னு கேட்டாங்க. அங்க புருஷன் பொண்டாட்டி சண்டையில, அதுவரைக்கும் சாதாரணமா பேசிட்டு இருந்தவங்க திடீர்னு "சோ தெஸ் கா"ன்னு சொன்னா ஏசி போட்ட மாதிரி இருக்குமாம். அப்படிங்களா. சரிங்க. அந்தக் குளிர். அவர் கோபத்துல மாத்தல. ஒரு வருஷமா கதவைத் திறந்து வச்சுட்டு நின்னிருக்கார். நான் வாசல்லயே நின்னு கும்பிட்டுட்டு இருந்தேன். சரி, இவங்களுக்கு இந்தத் தூரம்தான் பிடிச்சிருக்கு போலன்னு மரியாதையா சாத்திட்டார்.

சரி பண்ணலாம்னு பார்த்தேன். ஒரு வாரம் வீட்ல கண்ணாடி முன்னாடி "தா நே, தா யோ"ன்னு பழகினேன். ஆபீஸ்ல வாயைத் திறந்தா தெஸ்தான் வந்தது. நீங்கன்னே பழகின ஒருத்தரைத் திடீர்னு நீன்னு கூப்பிட்டுப் பாருங்க, நாக்கு மடங்கும். அதுக்குள்ள எனக்கு ஊருக்குத் திரும்பற ஆர்டர் வந்துடுச்சு. கடைசி நாள் ரெண்டு பேரும் குனிஞ்சு, அளவெடுத்த மாதிரி மரியாதையா விடைபெற்றோம். அவ்வளவு சரியான ஜப்பானியம் அதுக்கு முன்னாடி நான் பேசினதே இல்ல.

கவனிச்சீங்களா, இவ்வளவு நேரம் தமிழ்ல சொல்லும்போதும் அவர், அவர்னுதான் வருது.

போன ஜனவரி, புத்தாண்டுக்கு மெசேஜ் அனுப்பலாம்னு போனை எடுத்தேன். "கென்கி தெஸ் கா"ன்னு டைப் பண்ணேன். நல்லா இருக்கீங்களா. அழிச்சேன். "கென்கி தா"ன்னு போட்டா கேள்வியாவே இல்ல. அதையும் அழிச்சேன். கடைசில வெறும் "கென்கி?"ன்னு மட்டும் வச்சு, அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு, அனுப்பிட்டேன்.

ரெண்டு மணி நேரம் கழிச்சு பதில். "கென்கி தெ கொஸாய்மஸ்." லிஃப்ட்ல மூணாவது மாடி அறிவிக்கிறாங்களே, அந்த கொஸாய்மஸ். எனக்கு வயித்துல ஒரு மாதிரி ஆயிடுச்சு. இவ்வளவு தூரம் போயிட்டாரான்னு. கிண்டல்னு புரியறதுக்குள்ள அடுத்தது வந்துடுச்சு.

"ஹிசாஷிபுரி தா நா."

எவ்வளவு நாளாச்சு இல்ல? தா போட்டு அனுப்பியிருக்கான்.

சரி மக்களே, அடுத்த வாரம் ஜப்பானியத்துல எண்ணுறது. பென்சிலுக்கு ஒரு கணக்கு, பேப்பருக்கு ஒரு கணக்கு, முயலுக்குப் பறவைக் கணக்கு. வாய்ஸ் நோட் அனுப்புங்க. பார்க்கலாம்.